அந்த 27 பேர் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கத்தில் உள்ள ஒரு தையல் ஜாப் ஒர்க் பட்டறையில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரியைப் பற்றி 2025 ஆகஸ்ட் மாதத்திலிருந்து உங்கள் நாளிதழில் வந்த செய்திகளையும் அறிக்கைகளையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். ஒவ்வொரு தலைவரும் பாதிப்பு இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்கிறார். அடுத்த நாள் எதிர்க்கட்சியினர் அந்த எண்ணை மறுத்து வேறொரு எண்ணைச் சொல்கிறார்கள். இவர்களில் யாரும், யாருடைய ஆட்களும், எங்கள் தெருவுக்கு வந்து எண்ணிப் பார்த்ததில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது. சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பட்டறையில் 48 மிஷின்கள். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து. ஏற்றுமதி நிறுவனம் துணியை வெட்டிக் கட்டுக் கட்டாக வேனில் அனுப்பும். நாங்கள் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். துணி எங்களுடையது இல்லை, நூல் எங்களுடையது இல்லை, ஆர்டரும் எங்களுடையது இல்லை. ஒரு டி-சர்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வரும். வாடகை, கரண்ட், ஊசி, எண்ணெய், டெய்லர் சம்பளம் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். அவினாசி சாலையிலும் பி.என். சாலையிலும் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கும் பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால், சந்து சந்தாக, சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் இப்படிப்பட்ட பட்டறைகள்தான் இருக்கின்றன. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி எங்களைப் போன்ற சந்துகளில் தைக்கப்பட்டதுதான்.

என் மேசையில் இருப்பது 192 பக்க நீள நோட்டு. வாரத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் பெயர், அடுத்து ஷிப்ட், பிறகு முன்பணம், பிடித்தம், கையில் கொடுத்தது, கடைசியில் கையெழுத்து. ஒடிசாக்காரர்கள் அவர்கள் எழுத்திலேயே போடுவார்கள். இரண்டு பேர் இன்னும் கைரேகை வைக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் பக்கம் நிரம்பிவிடும்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் இந்தியாவுக்கு 26 சதவீதம் என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் அதை 90 நாளுக்கு நிறுத்தி வைத்து, சீனா தவிர மற்ற நாடுகளுக்கு 10 சதவீதம் என்று மாற்றினார். உடனே அங்குள்ள இறக்குமதியாளர்கள், "வரி ஏறுவதற்குள் அனுப்பிவிடுங்கள்" என்று நெருக்கினார்கள். மே, ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பட்டறையில் இரவு விளக்கு அணையவில்லை. தினமும் ஒன்றரை ஷிப்ட், ஆறு நாளும். ஜூலை கடைசி வாரப் பக்கத்தில் 68 பெயர்கள் இருக்கின்றன, தலைக்குச் சராசரியாக 9 ஷிப்ட். கூட்டிப் பார்த்தால் 612. என் 22 ஆண்டு நோட்டுகளில் அப்படி ஒரு வாரம் மிகக் குறைவு.

ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி மேலும் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல். மொத்தம் 50. பருத்தி டி-சர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் உண்டு. ஆக, இங்கிருந்து 4 டாலருக்குப் போகும் சட்டைக்கு முன்பு 66 சென்ட் வரி கட்டியவர் அன்றிலிருந்து 2 டாலர் 66 சென்ட் கட்ட வேண்டியதாயிற்று. வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகிய நாடுகளுக்கு அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான். எந்த இறக்குமதியாளர் எங்களிடம் நிற்பார்?

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வேன் வந்தது. கட்டு இறக்கவில்லை. ஒரு தாள் மட்டும் வந்தது. "அடுத்த தகவல் வரும்வரை நிறுத்தி வைக்கவும்." அப்போது மிஷின்களில் இருந்த துணி அப்படியே நின்றது. தோள் இணைத்து, கழுத்துப் பட்டி ஏற்றி, கை மட்டும் ஏற்றாத சட்டைகள். நீலம், சாம்பல், இளஞ்சிவப்பு என்று அளவு வாரியாகக் கட்டி மேசைகளுக்கு அடியில் தள்ளி வைத்தோம். தூசி படியாமல் இருக்க, செக்கிங் பெண்கள் வீட்டிலிருந்து பழைய சேலைகளைக் கொண்டு வந்து போர்த்தினார்கள். இன்றைக்கும் அவை அங்கேதான் இருக்கின்றன.

செப்டம்பர் கடைசி வாரப் பக்கத்தில் 41 பெயர்கள். சராசரி 5 ஷிப்ட். மொத்தம் 205.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதே என் கேள்வி. எங்கள் பட்டறையில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள்? வருங்கால வைப்பு நிதிப் பதிவேட்டைப் பார்த்தால் ஜூலையில் 31 பேர், செப்டம்பரில் 29 பேர். அதன்படி இரண்டே பேர். என் நோட்டின்படி 27 பேர். ஷிப்ட் கணக்கில் பார்த்தால் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வேலையில் இருக்கிறார் என்று எழுதப்படும் அந்த 41 பேரும் சராசரியாக நாற்பது சதவீதத்துக்கு மேல் சம்பளம் இழந்தவர்கள். ஒன்பது ஷிப்ட் சம்பளத்தை நம்பி சீட்டு கட்டியவர், ஐந்து ஷிப்ட் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, முன்பணம் கேட்டு என் மேசை அருகில் நிற்கிறார். அவரை எந்தப் புள்ளிவிவரம் எண்ணும்?

செப்டம்பரில் ஒரு நாள் ஓர் அமைப்பிலிருந்து ஒரு தம்பி படிவத்தோடு வந்தார். இரண்டு பக்கம். "பாதிப்பு எத்தனை சதவீதம்" என்று கேட்டு நான்கு கட்டங்கள். முதலாளி நின்றுகொண்டே, போனில் பேசிக்கொண்டே நிரப்பினார். வேலை இழந்தவர்கள் என்ற இடத்தில் 50 என்று எழுதினார். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி போன பிறகு, "அண்ணா, 27 தானே?" என்றேன். "கூட்டிச் சொன்னால்தான் அம்மிணி, கடனுக்கு ஏதாவது வழி பிறக்கும்" என்றார். அவர் பொய்க்கு அஞ்சாத மனிதர் இல்லை. மூன்று தவணை நிலுவையில் இருக்கிறது, மனிதர் தூங்கி நாளாகிறது. அதே முதலாளி, அதே வாரம், ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் போன் செய்தபோது, "ஆள் எல்லாம் அப்படியே இருக்கிறார்கள், ஆர்டர் கொடுங்கள், நாளைக்கே ஏற்றிவிடுகிறேன்" என்றார். ஆள் இல்லை என்று தெரிந்தால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அரசாங்கத்துக்கு ஓர் எண், ஆர்டர் கொடுப்பவருக்கு ஓர் எண். இந்த ஊரில் எத்தனை பட்டறை உண்டோ அத்தனை இடத்திலும் இதுதான் நடக்கிறது. இப்படி எடுத்த படிவங்களைக் கூட்டி, வகுத்து, சதவீதம் போட்டு ஓர் அறிக்கை வந்தால் அதை ஆய்வு என்று சொல்ல முடியுமா?

மேலே இருப்பவர்கள் சொல்லும் எண்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு ஜவுளித் துறையில் 75 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், அதில் 30 லட்சம் வேலைகள் உடனடி ஆபத்தில் இருக்கின்றன என்று 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். ஒன்றிய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன், இந்த வரியால் நாட்டின் மொத்த உற்பத்தியில் இந்த ஆண்டு அரை சதவீதம் முதல் 0.6 சதவீதம் வரை குறையலாம் என்றார். முதல் எண்ணைக் கேட்டால் ஊரே மூழ்கியது போல் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் சிறு தூறல் போல் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒன்று ஆபத்தில் உள்ள வேலையைச் சொல்கிறது, மற்றது நாடு முழுவதன் வருமானத்தைச் சொல்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. ஒரு தரப்பு 30 லட்சத்தை எடுத்து வீசுகிறது, மறு தரப்பு அரை சதவீதத்தை எடுத்து வீசுகிறது. "ஒழுங்காக ஆய்வு செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால், ஒரு பக்கம் "வீடு பற்றி எரியும்போது அளவெடுக்கச் சொல்கிறீர்களா?" என்கிறது. இன்னொரு பக்கம் "பீதியைக் கிளப்பாதீர்கள்" என்கிறது.

எண்ணுவதற்கு அரசியல்வாதிகள் தயங்குவது நம் ஊரில் மட்டும் இல்லை. கோவையில் பொருளியல் முதுகலை படிக்கும் என் மகள், விடுமுறைக்கு வந்தபோது அமெரிக்க ஆய்வுகள் சிலவற்றை எனக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னாள். அதில் ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றியது. 2018-இல் இறக்குமதியாகும் துவைக்கும் இயந்திரங்களுக்கு வரி போட்டார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் பொருளியலாளர் ஒருவரும் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரும் விலைப் பட்டியல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். துவைக்கும் இயந்திரம் சுமார் 12 சதவீதம் விலை ஏறியிருந்தது. வரியே போடப்படாத உலர்த்தும் இயந்திரமும் அதே அளவுக்கு ஏறியிருந்தது. இரண்டையும் ஜோடியாக வாங்குவது அங்கே வழக்கம், கடைக்காரர்கள் ஏற்றத்தை இரண்டிலும் பங்கிட்டுவிட்டார்கள். சுமார் 1,800 பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது. அந்த ஒவ்வொரு வேலைக்கும் வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். வரியை மட்டும் பார்த்தவனுக்கு உலர்த்தும் இயந்திரம் கண்ணில் பட்டிருக்காது. கடை விலையைப் பார்த்தவர்களுக்குத்தான் பட்டது.

அதே நாட்டில் சர்வதேச வர்த்தக ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. ஆறு ஆணையர்கள், ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். அந்த நாட்டு நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டபடி, 2018 முதல் போடப்பட்ட வரிகளின் விளைவை ஆராய்ந்து 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள். சீனப் பொருள்களுக்குப் போட்ட வரியை ஏறக்குறைய முழுவதுமாக அமெரிக்க இறக்குமதியாளர்களே சுமந்தார்கள் என்றது அறிக்கை. வெளிநாட்டுக்காரன்தான் வரி கட்டுகிறான் என்று மேடைதோறும் பேசியவர்களுக்கு அது பிடிக்காத பதில். ஆனாலும் அது அச்சில் இருக்கிறது, எவரும் எடுத்துப் படிக்கலாம்.

ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் திரித்ததும் அங்கேதான். 2025 ஏப்ரலில் எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி என்று ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். 100 ரூபாய் வரி போட்டால் இறக்குமதி விலையில் 25 ரூபாய்தான் ஏறும் என்று அதில் வைத்துக்கொண்டு, ஆதாரமாகச் சில பொருளியலாளர்களின் கட்டுரையைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரே பத்திரிகையில் மறுத்து எழுதினார். எங்கள் ஆய்வின்படி 95 ரூபாய் ஏறும், அதைப் போட்டிருந்தால் நீங்கள் அறிவித்த வரி நாலில் ஒரு பங்காகத்தான் வந்திருக்கும் என்றார். யாரும் திருத்தவில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் மோசமாக வந்த அன்றே, அந்தத் துறையின் ஆணையரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். 2025 அக்டோபரில் அரசாங்க அலுவலகங்களே மூடிக் கிடந்ததால் அந்தப் புள்ளிவிவரம் குறித்த நாளில் வெளிவரவும் இல்லை. நூறு ஆண்டுக்கு மேல் எண்ணிப் பழகிய நாட்டிலேயே இந்தப் பாடு என்றால், எண்ணவே தொடங்காத நம் ஊரின் நிலை என்ன?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 2023 அறிக்கை சொல்வதும் என் நோட்டு சொல்வதும் ஒத்துப் போகவில்லை. சுமை முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர் மேல் என்றால், எங்கள் கூலி ஏன் குறைந்தது? ஜூலையில் ஒரு சட்டைக்கு 17 ரூபாய் வாங்கினோம். செப்டம்பரில் வந்த சிறு ஆர்டருக்கு 15 ரூபாய் 50 காசு. "பையர் விலை குறைக்கச் சொல்கிறார், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்றார்கள். விட்டுக்கொடுத்தோம். அந்த ஒன்றரை ரூபாய் வரியில் போனதா? ஏற்றுமதியாளர் நஷ்டத்தை ஈடுகட்டப் போனதா? ஆர்டர் இல்லாத நேரத்தைப் பார்த்து அடித்த பேரமா? எனக்குத் தெரியாது. அப்போது அடிபட்டது சீனா, இப்போது நாங்கள். அப்போது மற்ற நாட்டுத் துணிகளுக்குப் புது வரி இல்லை, இந்த முறை எல்லோருக்கும் வந்தது, எங்களுக்கு மிக அதிகமாக வந்தது. விடை மாறியிருக்கலாம். நூல் விலை, சாயக் கூலி, தையல் கூலி, கப்பல் வாடகை, அங்குள்ள கடை விலை என்று ஒரு சட்டையை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நிவாரணத்துக்கும் இது வேண்டும். வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19-இல் நீக்கினார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நல்லதுதான். மில்லுக்குப் பஞ்சு விலை குறைந்திருக்கலாம். பஞ்சு விவசாயி தனக்கு அடி விழுந்தது என்கிறார், அதுவும் இருக்கலாம். எங்கள் கூலியில் அதில் ஒரு காசு வந்து சேரவில்லை என்பதை மட்டும் என் நோட்டை வைத்துச் சொல்வேன். பணத்தை எங்கே ஊற்றினால் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பது கொங்கு நாட்டில் எந்தத் தோட்டக்காரருக்கும் தெரியும். வீடு எரியும்போது அளவெடுப்பதா என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். எந்த அறையில் ஆள் சிக்கியிருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் தீயணைப்புக்காரர் உள்ளே போகிறார். நிவாரணம் இன்றே கொடுங்கள். எண்ணுவதையும் இன்றே தொடங்குங்கள்.

இதற்கு முன்பு எண்ணாமல் விட்டதன் பலனைக் கண்ணால் பார்த்தவள் நான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கு அது தேவைப்பட்ட உத்தரவு, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயிகள் பட்டது கொஞ்சமில்லை. ஆனால் அந்த ஆண்டு எத்தனை குடும்பங்கள் இந்த ஊரை விட்டுப் போயின என்று இன்றுவரை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய பேருந்து நிலையத்தில் குண்டானும் பாயுமாக நின்ற குடும்பங்களைப் பார்த்தேன். அப்போதும் ஆளுக்கோர் எண் சொன்னார்கள். 2016-இல் பணமதிப்பு நீக்கம், 2017-இல் ஜி.எஸ்.டி., 2020-இல் ஊரடங்கு. ஒவ்வொரு முறையும் எண்கள் பறந்தன, நோட்டுகள் பரணுக்குப் போயின, பரணில் கரையான் அரித்தது. 2011-ஆம் ஆண்டு நோட்டு என்னிடம் இப்போது இல்லை. அதை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1923-இல் பிரிட்டிஷ் ஆட்சியிலேயே வரி வாரியம் அமைத்தார்கள். 1926-27-இல் பருத்தித் துணித் தொழிலைப் பற்றி ஃப்ராங்க் நாய்ஸ் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரித்தார்கள். மில் முதலாளிகளை உட்கார வைத்து, கூலி எவ்வளவு, பஞ்சு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று குடைந்து கேட்டு, அந்தச் சாட்சியங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1951-இல் சட்டம் போட்டு வரி ஆணையம் அமைத்தோம், 1976-இல் அந்தச் சட்டத்தை நீக்கினோம். அவை நாம் போடும் வரியை ஆராய்ந்த அமைப்புகள். பிறர் நம் மேல் போடும் வரியை ஆராய்வதற்கும் அதே முறைதான் வேண்டும். கேள்வியை வெளிப்படையாகக் கேள், பதிலை வெளிப்படையாக அச்சிடு, முடிவைப் பிறகு சொல்.

ஆகவே, சட்டப்பேரவையில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டு, ஒரு பல்கலைக்கழகத்திடம் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும். வரிக்கு முந்தைய ஓர் ஆண்டையும் சேர்த்து, வாரச் சம்பள நோட்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்த அவசர ஏற்றுமதியைத் தனியே பிரிக்காவிட்டால், ஆண்டுக் கணக்கில் பார்க்கிறவர்களுக்கு நஷ்டமே தெரியாது. பெரிய கம்பெனியின் கணக்காளரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், அயர்னிங், அட்டைப்பெட்டி செய்கிறவர் வரைக்கும் போக வேண்டும். தலையை எண்ணினால் போதாது, ஷிப்ட்டை எண்ண வேண்டும். அறிக்கையோடு கேள்வித்தாளையும் வெளியிட வேண்டும்.

இதற்கு ஊருக்குள்ளேயே எதிர்ப்பு வரும். ஏன் என்று எனக்குத் தெரியும், மறைக்க விரும்பவில்லை. ஜூலையில் என் நோட்டில் 68 பேர், வைப்பு நிதியில் 31 பேர் என்று மேலே எழுதினேன். மீதி 37 பேர் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். நோட்டை வெளியே கொடுத்தால் அபராதம் வருமோ என்ற பயம் எல்லாப் பட்டறைகளிலும் இருக்கிறது. அந்த 37 பேரை எழுதாமல் விட்ட பதிவேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. அது தவறு என்று அறிந்தேதான் எழுதினேன். ஆய்வுக்குக் கொடுக்கும் கணக்கை வைத்து யார் மேலும் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று அரசு முதலிலேயே எழுத்தில் உறுதி கொடுத்தால், இந்த ஊர் நோட்டைத் திறக்கும். கொடுக்காவிட்டால் திறக்காது, பதிவேட்டில் இல்லாதவர்கள் இந்த முறையும் இல்லாதவர்களாகவே போய்விடுவார்கள்.

நான் என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். தீபாவளி போனஸ் கணக்குப் போடும் நேரம் இது. நின்றுபோனவர்களுக்கும் வேலை செய்த மாதங்களுக்கு உண்டு என்பது எங்கள் பட்டறை வழக்கம். அதைச் சாக்காக வைத்து, போன ஞாயிற்றுக்கிழமை 27 பேருக்கும் போன் செய்தேன். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியம் இரண்டு ஆயிற்று.

ஒன்பது பேர் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போய்விட்டார்கள். அதில் நான்கு பேர், "வரி இல்லாவிட்டாலும் சத் பூஜைக்கு வந்திருப்போம் அக்கா, ஓட்டு வேறு இருக்கிறது" என்றார்கள். சத் பூஜை பீகாரின் பெரிய பண்டிகை, அங்கே சட்டப்பேரவைத் தேர்தலும் அந்தச் சமயம்தான். ஆகவே என் 27-லும் நான்கைக் கழிக்க வேண்டும். ஆறு பேர் காதர்பேட்டை வியாபாரத்துக்குத் தைக்கும் உள்நாட்டு பனியன் பட்டறைகளில் இருக்கிறார்கள். தீபாவளி சீசன் என்பதால் வேலை கிடைத்திருக்கிறது, பண்டிகை முடிந்ததும் என்னவென்று அவர்களுக்கே தெரியவில்லை. நான்கு பேர் சொந்த ஊரில் காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள். மூன்று பேர் வீட்டில் இருக்கிறார்கள். அதில் தேனிக்காரப் பெண் ஒருத்தி, எட்டு வருடம் எங்களிடம் பேட்லாக் ஓட்டியவள், "போனஸ் எவ்வளவு வரும்" என்று கேட்கவே இல்லை. "கை ஏற்றாத சட்டைகள் இன்னும் இருக்கிறதா அக்கா, எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வந்துதான் முடிக்க வேண்டும்" என்றாள். மீதி ஐந்து பேரின் எண்கள் உபயோகத்தில் இல்லை.

ஒரு பட்டறைக்கு நாலரை மணி நேரமும் ஒரு போனும் போதுமாக இருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். பட்டறைப் பெயரும் ஆட்களின் பெயரும் வெளியே வராது என்று எழுதிக் கொடுத்தால் நோட்டுகளைக் கொடுக்கலாம் என்று சம்மதித்துவிட்டார். 2019 முதல் இந்த வாரம் வரை எல்லாம் இருக்கிறது. கரையான் ஏறாமல் இரும்பு அலமாரிக்கு மாற்றிவிட்டேன். என் முகவரியும் கைபேசி எண்ணும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து, எந்தத் துறையிலிருந்து யார் கேட்டாலும் கொடுங்கள். சனிக்கிழமை சம்பள நாள், அன்று மட்டும் முடியாது. மற்ற நாள்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் எப்போது வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெயர் யாருடையது, எந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன பொருள் என்று சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக் கணக்கர்
அனுப்பர்பாளையம், திருப்பூர்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)